பஞ்சு தொட்டால் அணைகிறது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மிளகு. மிளகின் அத்தை. அத்தையோடு வேலை செய்யும் சூட்டுக்காரர். அவர்கள் இருவருக்கும் மேலே இருக்கும் மேலாளர். மேலாளரின் மகன் கொக்கு. வாட்ச்மேனின் மகன் பஞ்சு. வாட்ச்மேன் கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். கதவில் கண்ணாடி உண்டு, அவருக்குக் காதும் நன்றாகக் கேட்கும்.

மிளகு நான்காம் வகுப்பு. உருவம் சின்னது, பேச்சு காரம். அதனால் அந்தப் பெயர். கொக்குக்குப் பன்னிரண்டு வயது. கை, கால், கழுத்து எல்லாமே நீளம். பஞ்சுவுக்கு எட்டு வயது. அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். சூட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. கருவிகள் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அவர். அத்தை வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தையின் ஆபீஸில், அந்த அறைக்குள் காலை வைத்ததுமே மிளகுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அத்தை ஒரு மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு விளையாட்டுக் கருவி, புத்தம் புதியது. அதைத் தலைக்கு மேலே தூக்கினார். விட்டார்.

டமார்!

"அத்தை!" மிளகு அலறிவிட்டாள். "விழுந்துடுச்சு!"

"விழல. போட்டேன்."

அத்தை இறங்கி அதை எடுத்தார். மறுபடியும் ஏறினார். இந்த முறை ஒரு மூலை கீழே படும்படி போட்டார். அடுத்த முறை திரை கீழே படும்படி. கொக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பஞ்சு காதைப் பொத்துவதா கண்ணைப் பொத்துவதா என்று தெரியாமல் ஒரு கையால் காதையும் ஒரு கையால் கண்ணையும் பொத்திக்கொண்டான்.

கடைசியில் அத்தை கருவியை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது.

"பசங்க கைக்குப் போற சாமான். நீங்க எப்படியும் கீழ போடுவீங்க. அதனால நாங்க முன்னாடியே போட்டுப் பாத்துடறோம்."

"இதான் உங்க வேலையா?" என்றாள் மிளகு. அத்தை ஏதோ கணக்குப் போடும் வேலையில் இருப்பதாக அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இதுவும்."

அந்தக் கருவி பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம். பெயரும் இல்லை, படமும் இல்லை. அதெல்லாம் கடைக்குப் போகும்போது வருமாம். பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். நடுவில் திரை. இடது பக்கம் கட்டைவிரலால் தள்ளும் குட்டிக் குச்சி, அதன் கீழே கூட்டல் குறி போல ஒரு பொத்தான். வலது பக்கம் இன்னொரு குச்சி, நான்கு வட்டப் பொத்தான்கள். மேல் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் ஆள்காட்டி விரலுக்கு ஒவ்வொன்று. மேலே நடுவில் சார்ஜ் போடும் துளை. பின்னால் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய பிளவுகள், மீனின் செவுளைப் போல.

"சின்னப் பசங்களுக்குன்னே சின்னதா செஞ்சது" என்றார் மேலாளர். அவர் குரல் பெரியது. கை அதைவிடப் பெரியது. "எட்டு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும். நீங்க விளையாடுங்க. மதியம் இது அச்சுப் பட்டறைக்குப் போகுது. மேல் கூடு வார்க்க இரும்புல அச்சு வெட்டிட்டா அப்புறம் ஒரு ஓட்டையக்கூட நகர்த்த முடியாது. அதனாலதான் கடைசியா உங்களக் கூப்பிட்டோம்."

"ஏதாவது கெட்டுப் போச்சுன்னா?" என்று கேட்டாள் மிளகு.

"கெடாது" என்றார் சூட்டுக்காரர். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். பாவம்.

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கருவி கிடைத்தது. விளையாட்டு இதுதான்: ஒரு நண்டு ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். நண்டு கால் வைக்க வைக்கப் பாலம் பின்னாலேயே இடிந்துகொண்டு வரும்.

கொக்கு நாற்காலியில் சாய்ந்து, நீள விரல்களின் நுனியால் கருவியைத் தூக்கிப் பிடித்து ஆடினான். மிளகு தரையில் குப்புறப் படுத்து, கருவியை முன்னால் நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டில் பிடித்து ஆடினாள். பஞ்சு சுவரோரம் உட்கார்ந்து, விட்டால் ஓடிவிடும் என்பதுபோல் கருவியை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டான்.

"அக்கா" என்றான் கொஞ்ச நேரத்தில்.

மிளகு திரும்பவில்லை. அவள் நண்டு பாலத்தின் பாதியில் இருந்தது.

"அக்கா... செத்துப் போச்சு."

"நண்டா?"

"இல்லக்கா. கேமு."

அவன் கையில் இருந்த திரை கரியாக இருந்தது. முகம் அதைவிட மோசமாக இருந்தது.

சூட்டுக்காரர் வந்து வாங்கிப் பார்த்தார். குலுக்கினார். இங்கே அங்கே திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தியதும் அது எழுந்துகொண்டது. "பேட்டரி லேசா அசைஞ்சிருக்கும். ஆடு தம்பி."

பஞ்சு ஆடினான். மறுபடியும் அணைந்தது.

இந்த முறை மேலாளரே வந்தார். "கீழ போட்டியா?"

"இல்ல சார்."

"என்ன? கேக்கல."

"இல்ல சார்."

"வேற என்ன பண்ணின? உண்மையச் சொல்லு. கீழதானே போட்ட?"

மிளகு எழுந்து உட்கார்ந்தாள். "போட்டிருந்தாத்தான் என்ன சார்? அத்தை மேசை மேல ஏறி நின்னு அத்தன தடவ போட்டாங்க. ஒண்ணும் ஆகலையே?"

மேலாளரிடம் அப்படி யாரும் பேசி அந்த அறை பார்த்ததில்லை. சூட்டுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப என்னோடது ஏன் அணையல? உன்னோடது ஏன் அணையல?" என்றான் கொக்கு, ஆட்டத்தை நிறுத்தாமலே.

"அவன்கிட்ட இருக்கிறது கெட்ட கருவி, அதான்." மிளகு தன் கருவியை எடுத்துப் பஞ்சுவிடம் நீட்டினாள். "இந்தா, மாத்திக்கலாம். இது நல்லா ஓடுது. அதை என்கிட்ட கொடு. இப்ப என் கையில அணையும், எல்லாரும் பாருங்க."

அவள் பஞ்சுவின் கருவியோடு மறுபடி குப்புறப் படுத்தாள். நண்டு ஓடியது. பாலம் இடிந்தது. மிளகு ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைப் பஞ்சுவிடமும் வைத்துக்கொண்டு ஆடினாள். அவள் கையில் அது அணையவே இல்லை. அணையேன், அணையேன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

சுவரோரத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது.

மிளகு கொடுத்த நல்ல கருவி, பஞ்சுவின் கையில் கரியாகக் கிடந்தது.

அவனைக் காப்பாற்றப் போய், எல்லோர் முன்னாலும் அவனை மாட்டிவிட்டவள் அவள்தான். இப்போது யாரும் கருவியைக் குறை சொல்ல முடியாது.

"பஞ்சு தொட்டா அணையுது!" என்று கத்தினான் கொக்கு. தன் கருவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "டேய், இந்தப் பக்கம் வராத. என்னோடதையும் அணைச்சிடுவ."

"போதும்" என்றார் மேலாளர். "இன்னும் கொஞ்ச நேரத்துல பட்டறை ஆளுங்க வந்துடுவாங்க. இவன் எதையோ நோண்டறான். கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க." அவரே கதவைத் திறந்தார். "வாட்ச்மேன்! உள்ள வாங்க."

வாட்ச்மேன் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மகனைப் பார்த்தார்.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"ஒண்ணும் பண்ணாமலா கூப்பிடுவாங்க?"

பஞ்சு மிளகின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்: "அப்பாவ வேலைய விட்டு எடுத்துடுவாங்களாக்கா?"

மாட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் அது மிளகுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கை கொதித்தது. ஈரமாகவும் இருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே அதிர்ந்து போனாள்.

உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

"உன்னை யாருடா அடிச்சது?"

"அடியா?" வாட்ச்மேன் திடுக்கிட்டு ஓரடி முன்னால் வந்தார். "பாப்பா, நான் அடிக்கலம்மா. இன்னைக்குன்னு இல்ல, என்னைக்குமே அடிச்சதில்ல!"

"எங்கப்பா அடிக்க மாட்டாரு" என்றான் பஞ்சு. அன்றைக்கு அவன் எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது அதுதான் முதல் தடவை.

மிளகு அவனுடைய இன்னொரு கையையும் விரித்துப் பார்த்தாள். அதிலும் கோடுகள். கோணல் மாணலாக இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் இருந்தன. பிரம்பால் அடித்தால் இப்படியா வரும்? கருவியை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்துப் பிளவுகளை அவன் உள்ளங்கையின் பக்கத்தில் வைத்தாள்.

அச்சு அசல்.

"அத்தை. இங்க வாங்களேன். சீக்கிரம்."

அத்தை வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சூட்டுக்காரர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அங்க கை படாது" என்றார். "படவே படாது. நான் சோதிச்சிருக்கேன்."

"பட்டிருக்கே" என்றாள் மிளகு. "இந்த ஓட்டை எதுக்கு?"

"உள்ள ஒரு குட்டி ஃபேன் சுத்துது. இந்தப் பக்கம் காத்து உள்ள போகும், அந்தப் பக்கம் வெளிய வரும்."

"ரெண்டு பக்கமும் மூடிட்டா?"

சூட்டுக்காரர் பிளவுகளை விரலால் மூடிப் பார்த்தார். "உள்ள சூடேறும். ரொம்பச் சூடானா அதுவா அணைஞ்சுடும். பசங்க கையச் சுட்டுடக் கூடாதுன்னு நான்தான் அப்படி வெச்சேன்."

"அப்ப அது கெட்டுப் போகல சார். நீங்க சொன்னபடி கேட்டிருக்கு."

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாரும்தான் பிடிக்கிறோம். எங்களுக்கு அணையலையே? டேய், நீ பிடிச்சுக் காட்டு" என்று மகனிடம் சொன்னார். கொக்கு கருவியை இறுக்கிப் பிடித்தான். அவன் உள்ளங்கைகள் இரண்டும் கருவிக்கு வெளியே நின்றன; பிளவுகளின் மேல் விரல்கள்கூடச் சரியாக விழவில்லை. அத்தை பிடித்தார், அப்படித்தான். சூட்டுக்காரர் பிடித்தார், அப்படித்தான்.

"என்கிட்ட கொடுங்க" என்றாள் மிளகு. "பஞ்சு, நீ எப்படிப் பிடிச்சன்னு சொல்லு. இப்படியா?"

"இன்னும் கெட்டியாக்கா."

"இப்படியா?"

"இன்னும். நண்டு விழுந்துடுமோன்னு பயப்படணும்."

மிளகு பயந்தாள். அது கஷ்டமாக இல்லை. இந்தக் கருவி இப்போது அணையாவிட்டால் பஞ்சுவின் அப்பா இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவே முடியாமல் போகலாம். அவள் கைகள் தாமாகவே இறுகின.

நண்டு ஓடியது. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். உள்ளேயிருந்து ஃபேன் சுற்றும் சத்தம், கொசுவின் ரீங்காரம் போல, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. கை வெதுவெதுத்தது. அப்புறம் சுட்டது. மிளகு விடவில்லை. பாலத்தின் மறுகரை தெரிந்தது. நண்டு கடைசிக் கல்லில் கால் வைத்தது.

திரை கரியானது.

மிளகு கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினாள். சிவப்புக் கோடுகள்.

"ஐயையோ" என்றார் வாட்ச்மேன்.

அத்தைதான் முதலில் அசைந்தார். "நாம எந்தக் கைய வெச்சு சோதிச்சோம்?" என்று சூட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் அலமாரியைத் திறந்து இரண்டு ரப்பர் கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பஞ்சு பயந்து மிளகின் பின்னால் ஒளிந்தான். மணிக்கட்டோடு வெட்டி எடுத்ததுபோல இருந்தன. ரேகை, நகம், முட்டிச் சுருக்கம் எல்லாம் தத்ரூபம். அந்தக் கைகளில் கருவியைப் பிடிக்கவைத்து, மணிக்கணக்காக ஓடவிட்டு, எங்கே சூடாகிறது என்று பார்ப்பார்களாம்.

ஒவ்வொரு கையும் ஒரு தட்டு அகலம் இருந்தது. வலது கையின் கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு.

கொக்கு அதைக் கூர்ந்து பார்த்தான். "அப்பா! இது உங்க கை!"

மேலாளர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு ரப்பர் விரலைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன வருடம் ரப்பர் கை செய்ய ஒரு மாதிரி வேண்டும் என்று அத்தை கேட்டபோது, என் கையையே எடுத்துக்கங்க என்று நீட்டியவர் அவர்தான். மேலாளர் நீட்டிய கையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்னதாகச் செய்த கருவியை, அந்தக் கட்டடத்திலேயே பெரிய கையை வைத்து ஒரு வருடம் சோதித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் இன்ஜினியர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேலாளரின் காது மடல்கள் சிவந்துபோயின.

"இந்த ஓட்டைய வேற எங்க வைக்கிறது?" சூட்டுக்காரர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சு ஏதோ சொன்னான்.

"என்ன?" என்றார்கள் எல்லோரும்.

"மேல, நடுவுலயாம்" என்றாள் மிளகு. "அங்க யாரு கையும் போகாதுன்னு சொல்றான்."

"அங்க சார்ஜ் துளை இருக்கே."

பஞ்சு மறுபடி ஏதோ சொன்னான். மிளகு கேட்டுவிட்டு, "அதைக் கீழ கொண்டு போங்கன்னு சொல்றான்" என்றாள்.

"சுலபமா சொல்லிட்டான். உள்ள இருக்கிற சர்க்யூட் பலகை முழுக்க மாத்திப் போடணும்!" சூட்டுக்காரர் புலம்பினார். ஆனால் புலம்பிக்கொண்டே ஒரு தாளை இழுத்துப் போட்டு வரையத் தொடங்கிவிட்டார்.

அத்தை போனை எடுத்தார். "பட்டறையா? கிளம்பாதீங்க. அச்சு இப்ப வேணாம். இல்ல, இன்னைக்கு இல்ல. நாளைக்கும் இல்ல. சார்கிட்ட கேக்கணுமா? சார் இங்கதான் இருக்காரு." மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையை ஆட்டினார்.

வாட்ச்மேன் இன்னும் தொப்பியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். "சார், பையனக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்." மேலாளர் தொண்டையைக் கனைத்தார். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பையன் மேல தப்பு இல்ல. கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"சார்" என்றாள் மிளகு. "பஞ்சு இங்க இருக்கான். மேல இல்ல."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தன் வேலை போய்விட்டது என்றே அந்த நொடியில் அவர் நினைத்திருக்க வேண்டும். மேலாளர் விட்டத்திலிருந்து பார்வையை இறக்கினார். முட்டி மடக்கிக் குனிந்து, பஞ்சுவின் முகத்துக்கு நேராக வந்தார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. நீ எதையும் நோண்டல."

பஞ்சு தலையாட்டினான். பிறகு கேட்டான். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "எங்கப்பா வேலை?"

"உங்கப்பா வேலைக்கு என்ன?" மேலாளருக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் மாறியது. "அடடா. அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. உங்கப்பா இல்லாம இந்தக் கதவ யாரு பாத்துக்கிறது?"

வாட்ச்மேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பெரிய கலாட்டா. பஞ்சுவின் கைகளை அச்செடுக்க, சூட்டுக்காரர் ஒரு வாளியில் எதையோ கூழ்போலக் கரைத்துக்கொண்டு வந்தார். பஞ்சு சட்டைக் கைகளை மடித்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டான்.

"ஐயோ, சில்லுன்னு இருக்கு!"

"அசையாத. அசைஞ்சா ஆறு விரல் வந்துடும்" என்றாள் மிளகு. பஞ்சு சிரித்தான். சிரித்ததில் அசைந்துவிட்டான். வாளியைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து கரைக்க வேண்டியதாயிற்று. சூட்டுக்காரர் மிளகை முறைத்தார்.

"என் கைய எடுக்கலையா?" என்று கொக்கு வந்து நின்றான்.

"உன் கை எதுக்கு? உங்கப்பா கை இருக்கே" என்றாள் மிளகு. கொக்கு தன் கருவியைக் கொண்டுவந்து, பஞ்சுவின் மடியில் வைத்தான். "இந்தா. நண்டை நீ முடிச்சுடு. எனக்குக் கடைசிக் கல் வரவே மாட்டேங்குது."

வாளிக்குள் உண்டான பள்ளங்களில் ரப்பரை ஊற்றினார்கள். அது இறுகும் வரை மூன்று பேரும் மாறி மாறி ஆடினார்கள். பஞ்சு ஆடும்போது மட்டும், கருவியின் பின்னால் இரண்டு பென்சில்களை வைத்து, உள்ளங்கை ஒட்டாமல் பிடித்துக்கொண்டான். ஒரு தடவைகூட அணையவில்லை.

சாயங்காலம் இரண்டு ரப்பர் கைகள் வெளியே வந்தன. சின்னவை. கொழுகொழுவென்று இருந்தன. வாட்ச்மேன் ஒன்றை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"நகம் வெட்டாம வந்திருக்கான் சார்" என்றார். "தெரிஞ்சிருந்தா வெட்டிக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"இப்படியே இருக்கட்டும்" என்றார் சூட்டுக்காரர். "பசங்க நகம் இப்படித்தான் இருக்கும்."

அவர் அந்தக் கைகளையும் ஒரு கருவியையும் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த சோதனை அறைக்குக் கிளம்பினார். மேலாளர் பின்னாலேயே போனார்.

"நானும் வரட்டுமா? புது இடத்துல ஓட்டை வெச்சா என் கைக்கும் சரியா இருக்கான்னு ஒரு தடவ..."

"வேண்டாம் சார்."

"சும்மா, ஒரே ஒரு தடவ."

மேலாளர் கையை நீட்டினார். சூட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது.